மெர்சியாவின் லேடி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வைக்கிங்குகளை எதிர்த்த போர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆல்ஃபிரட் மன்னரின் மகளும் இங்கிலாந்தின் நடுப்பகுதி நாடான மெர்சியாவை ஆண்டவருமான ஏத்தெல்ஃப்ளாடை 'மெர்சியாவின் லேடி' என்றே எழுதியிருந்தீர்கள். கோட்டைகள் கட்டியவர், படை அனுப்பி நகரங்களை மீட்டவர். அவரை ஏன் குவீன் என்று சொல்லக்கூடாது? பெண் என்பதால் அன்றைய குறிப்புகள் அவரைத் தாழ்த்திவிட்டனவா? இன்னொரு சந்தேகமும் உண்டு. ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் பெற்றவரின் மனைவியை ஏன் கவுன்டஸ் என்கிறார்கள்?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

பஸ்ஸில் 'லேடீஸ் சீட்' என்று படிக்கும்போது நாம் கொள்ளும் பொருளில் அந்தப் பட்டத்தைப் படித்தால் உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் 10ஆம் நூற்றாண்டில் அது வேறு எடையுள்ள சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் வடிவம் ஹ்லாஃப்டியே. ஹ்லாஃப் என்றால் ரொட்டி. பின்பாதி மாவு பிசைபவரைக் குறிக்கும். லார்ட் என்பதன் பழைய வடிவமான ஹ்லாஃப்வேர்ட், ரொட்டியின் காவலர். கென்ட் நாட்டு அரசர் ஏத்தெல்பெர்ட்டின் சட்டங்களில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஒருவரை அண்டி வாழும் பணியாளுக்கு 'ரொட்டி உண்பவன்' என்ற சொல் வருகிறது. உணவளிப்பவருக்கு உண்பவன் கட்டுப்பட்டவன். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்லும் அந்த உறவின்மேல்தான் இந்த இரண்டு பட்டங்களும் நிற்கின்றன.

குவீன் என்ற சொல்லின் வேரோ 'பெண்', 'மனைவி' என்பதுதான். வேரை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆளுகை லேடி என்ற சொல்லில்தான் இருக்கிறது என்பேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கு முழு விடை சொற்பிறப்பில் இல்லை, அரசியலில் இருக்கிறது. மெர்சியாவில் ராணிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 8ஆம் நூற்றாண்டில் ஆஃபா மன்னரின் மனைவி கினெத்ரித்தின் பெயரில் நாணயமே அச்சிட்டார்கள். ஆல்ஃபிரட்டின் சொந்தச் சகோதரி ஏத்தெல்ஸ்வித் மெர்சியாவின் ராணியாக இருந்தவர். அவர் பெயரும் ராணி என்ற பட்டமும் பொறித்த தங்க மோதிரம் இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆல்ஃபிரட் ஆண்ட தெற்கு நாடான வெசெக்ஸில்தான் நிலைமை வேறு. அங்கே அரசரின் மனைவியைக் குவீன் என்று அழைப்பதுமில்லை, அரசருக்குப் பக்கத்தில் அமரவிடுவதுமில்லை என்று ஆல்ஃபிரட்டின் வரலாற்றை எழுதிய ஆசர் 893இல் குறிப்பிடுகிறார். முன்பொரு ராணி வேறொருவருக்கு வைத்த நஞ்சைக் கணவரும் உட்கொண்டு இறந்ததே காரணம் என்கிறார். அந்த ராணி ஆஃபாவின் மகள், மெர்சியாவின் பெண்!

ஏத்தெல்ஃப்ளாட் மணந்த ஏத்தெல்ரெட் மெர்சியாவை ஆண்டாலும் அரசராக முடிசூடியவர் அல்லர். டேனிய வைக்கிங் படைகள் நாட்டின் கிழக்குப் பாதியை எடுத்துக்கொண்ட பின், ஆல்ஃபிரட்டின் மேலாண்மையை 883க்குள் ஏற்றுக்கொண்டவர் அவர். எனவே அவருக்கு ஆங்கிலக் குறிப்புகள் பெரும்பாலும் தரும் பட்டம் 'மெர்சியர்களின் லார்ட்'. 911இல் அவர் இறந்த பின் தனியாக ஆண்ட மனைவி 'மெர்சியர்களின் லேடி' ஆனார். இரண்டும் ஒரே தட்டில் உள்ள சொற்கள். இறங்கியது மெர்சியா என்ற நாட்டின் தகுதி. அந்த இறக்கம் கணவரையும் விடவில்லை.

வெளியே இருந்தவர்களுக்கு இந்த உள்ளூர்க் கணக்கு பொருட்டாகவே இல்லை. 917இல் டார்பியையும் மறு ஆண்டு லெஸ்டரையும் மீட்ட அவர், 918 ஜூனில் டாம்வொர்த்தில் இறந்தார். அயர்லாந்தின் அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு அவரைச் சாக்சன்களின் மிகப் புகழ்பெற்ற ராணி என்றே எழுதியது. வேல்ஸின் குறிப்பும் ராணி என்றது. வெசெக்ஸ் தரப்பின் குறிப்பில் அவர், ஆல்ஃபிரட்டுக்குப் பின் ஆண்ட எட்வர்ட் மன்னரின் சகோதரி மட்டும்தான். தாழ்த்தல் என்று நீங்கள் யாரையாவது குற்றம் சாட்டுவதானால் அங்கே சாட்டுங்கள், நானும் உடன் வருகிறேன். அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த மகள் ஆல்ஃப்வின்னை அதே எட்வர்ட் சில மாதங்களில் அதிகாரத்திலிருந்து அகற்றி வெசெக்ஸுக்குக் கொண்டுபோனதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

லேடி என்ற சொல் பின்னரும் அரச குலத்தோடுதான் இருந்தது. 1052இல் பிற்கால அரசர் எட்வர்ட் த கன்ஃபெஸரின் தாய் எம்மா இறந்ததைப் பதியும்போது ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு அவரை 'லேடி' என்றே சொல்கிறது. 1141இல் முடிசூடக் காத்திருந்த, முதலாம் ஹென்றி மன்னரின் மகள் மட்டில்டா ஏற்றுக்கொண்ட பட்டமும் 'ஆங்கிலேயர்களின் லேடி' என்பதன் லத்தீன் வடிவம்தான்.

இனி கவுன்டஸ். 1066இல் வந்த நார்மன்கள் தங்கள் கவுன்ட் பதவிக்கு இணையாக ஏர்லை வைத்தார்கள். ஏர்ல் மண்ணில் வேரூன்றிய சொல், அதனால் நிலைத்துவிட்டது. அதற்குப் பெண்பால் வடிவம் இல்லாததால் மனைவிக்கு பிரெஞ்சிலிருந்து கவுன்டஸ் வந்தது. டியூக், மார்க்விஸ், வைகவுன்ட், பாரன் எல்லாமே பிரெஞ்சு வழியாக வந்தவை. இங்கிலாந்தின் முதல் டியூக் பட்டம் 1337இல்தான் வழங்கப்பட்டது. பிரபுப் பட்டங்களின் இந்த ஐந்து படிகளில் பழைய ஆங்கிலச் சொல் ஏர்ல் ஒன்றே.