கச்சானில் ஊவா, தையில் நுவரெலியா: வாசகர் கேள்வி – பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. மலைநாட்டுப் பயணம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்து வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டதால் இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஆகஸ்ட் விடுமுறையில் பத்துப் பேர் வான் வண்டியில் நுவரெலியா போக எண்ணியிருக்கிறோம். அங்கே அப்போது மழை என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

உண்மைதான். ஆனால் பயணத்தைக் கைவிட வேண்டாம், ஊரை மாற்றுங்கள். பிதுருதலாகலையில் இருந்து ஹோட்டன் சமவெளி, ஹப்புத்தளை வரை ஓடும் மலைத்தொடர் நடுவில் சுவராக நிற்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கில் இருந்து வரும் காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து இந்தப் பக்கம் இறங்குகிறது. வெலிமடை, பண்டாரவளை, பதுளை என்று ஊவா முழுவதும் அப்போது உலர்ந்த காற்றுத்தான். அதே காற்றுத்தான் கீழே வந்து நம் முற்றத்தில் கச்சானாக அடிக்கிறது. ஆகவே இங்கே கச்சான் வீசும் காலம் ஊவாவுக்குப் போக நல்ல காலம். ஹப்புத்தளையில் மட்டும் ஆடி, ஆவணியில் காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகளுக்குக் காது மூடும் தொப்பி கட்டாயம்.

நுவரெலியாவுக்குத் தை நடுப்பகுதியில் இருந்து பங்குனி வரை நல்லது. பகல் வெயில் தெளிவாக இருக்கும். ஆனால் தை, மாசி இரவுகளில் புல்லில் பனி உறையும் அளவுக்குக் குளிரும். சித்திரையில் வசந்தகால விழா நடக்கும். அறை வாடகை ஏறும், வாகனங்கள் நகர இடமிராது. கிழக்கில் இருந்து போகிறவர்கள் எல்லாரும் ஏன் சித்திரையில் நுவரெலியாவையே பிடித்துத் தொங்குகிறோம் என்பது எங்களுக்கு நெடுநாள் ஆதங்கம். மலையின் நம் பக்கச் சரிவு ஊவா. அது கிட்டவும் இருக்கிறது, செலவும் குறைவு.

எங்களுக்கு மார்கழி விடுமுறை மட்டும்தான் கிடைக்கும். போகலாமா?
– வாசகி, செட்டிபாளையம்

வாடைக்காற்று மழை நமக்கும் ஊவாவுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. இங்கே வெள்ளம் என்றால் அங்கே மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைப் பாதைகளுக்கும் ரயில் பாதைக்கும் செய்த சேதத்தை எல்லாரும் அறிவோம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் முதல்நிலை எச்சரிக்கை தரும். 100ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை. 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும். நீங்கள் போகவிருக்கும் பிரதேச செயலாளர் பிரிவுக்கு முதல்நிலை எச்சரிக்கை இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் இரவில் புறப்பட்டு ஊர் திரும்ப முயல வேண்டாம். மேட்டில் இருந்து சேற்று நீர் வழிவதும், மரங்கள் சாய்ந்து நிற்பதும், சுவரில் புது வெடிப்பும் கண்டால் அந்த இடத்தை விட்டு உடனே விலகுங்கள்.

எந்தப் பாதை நல்லது? செங்கலடி வழியா, மொனராகலை வழியா?
– வாசகர், அக்கரைப்பற்று

உங்களுக்கு மொனராகலை வழி. அம்பாறை அல்லது பொத்துவில் ஊடாகச் சியம்பலாண்டுவை, மொனராகலை, வெல்லவாய போய் அங்கிருந்து எல்ல ஏறலாம். ஏறும்போதே இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி வீதியோரமாகவே வரும். வெல்லவாயவில் இருந்து கொஸ்லந்தைப் பக்கம் திரும்பினால் 220 மீற்றர் உயரமுள்ள தியலும நீர்வீழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு ஹப்புத்தளைக்கு ஏறலாம். பதுளைக்கே நேராகப் போகிறவர்கள் மொனராகலையில் இருந்து பசறை வழியைப் பிடிக்கலாம்.

மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனைப் பக்கத்தவர்களுக்குச் செங்கலடி – பதுளை வீதி. புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை என்று போகும். மகாஓயாவில் வெந்நீர் ஊற்றுக் கிணறுகள் உண்டு, காலையில் ஒரு குளிப்புப் போட்டுவிட்டு ஏறலாம். பருவத்தில் பிபிலைத் தோடம்பழம் வீதியோரத்தில் கிடைக்கும். லுணுகலைக்குப் பிறகு வளைவுகள் தொடங்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைகளைப் பிபிலையிலேயே முன் இருக்கைக்கு மாற்றி, வயிறு நிறையச் சாப்பிடவிடாமல் பிஸ்கட், இஞ்சித் தேநீரோடு நிறுத்துங்கள்.

இரண்டு வழியிலும் காட்டுப் பகுதி யானை நடமாட்டம் உள்ளது. விடிந்த பின் புறப்பட்டு, திரும்பும்போது பொழுது சாயுமுன் சமவெளிக் காட்டைத் தாண்டுவதுபோல நேரம் பாருங்கள்.

எல்லவில் இருந்து வெல்லவாயவுக்கு இறங்கும்போது வானில் கருகல் மணம் வந்தது. பிரேக் மிதி பஞ்சுபோல உள்ளே போனது. கராஜில் எல்லாம் சரி என்கிறார்கள். என்ன காரணம்?
– வான் சாரதி, ஏறாவூர்

பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள். சமதரையில் ஓடிப் பழகிய நம் பக்கத்துச் சாரதிகள் மலையில் செய்யும் பெரிய பிழை இதுதான், உயிரை எடுக்கும் பிழையும் இதுதான். தொடர்ந்து மிதிக்கையில் பிரேக் கட்டை சூடேறி உராய்வை இழக்கிறது. அதுதான் கருகல் மணம். அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் போகிறது. பழைய எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்துக் குமிழி கட்டும். குமிழி அமுங்குவதால் மிதி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆறிய பின் குமிழி மறைந்துவிடும், ஆகவே கராஜில் ஒன்றும் தெரியாது.

ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்குங்கள். எல்ல – வெல்லவாய போன்ற இறக்கத்தில் ஆள் நிறைந்த வானுக்குப் பெரும்பாலும் இரண்டாம் கியர். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறையுங்கள். வேகம் ஏறிய பின் குறைப்பது கடினம். பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விடுங்கள். மெல்ல அழுத்தியபடியே போகக் கூடாது. நியூட்ரலில் உருட்டுவதை நினைக்கவே வேண்டாம். ஓட்டோமற்றிக் வண்டியில் டி-யை விட்டு எல் அல்லது 2-இல் போடுங்கள்.

மணம் வந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் உலோகம் வெடிக்கும். பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். பயணத்துக்கு முந்தைய வாரத்தில் மாற்றினால் இன்னும் நல்லது. ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலை வழக்கம்.

மூன்று நாள்தான் இருக்கிறது. எந்த ஊரில் தங்குவது?
– வாசகி, மட்டக்களப்பு நகர்

பண்டாரவளை. 1,225 மீற்றர் உயரம் என்பதால் குளிர் அளவாக இருக்கும். எல்ல, ஹப்புத்தளை, வெலிமடை மூன்றும் கிட்ட. எல்ல அழகான ஊர்தான், ஆனால் அறைகளும் கடைகளும் வெளிநாட்டவரை நோக்கியவை. பகலில் போய் சின்ன சிவனொளிபாதமலை ஏறி, ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துத் திரும்பினால் போதும்.

ஹப்புத்தளைக்கு விடியப் போங்கள். தம்பேதென்னை தேயிலைத் தொழிற்சாலையில் இருந்து லிப்டன் சீட் மலை உச்சிக்குச் சுமார் 7 கிலோமீற்றர் தோட்டப் பாதை. ஓட்டோவில் ஏறி, நடந்து இறங்குவது குடும்பத்துக்குத் தோதானது. ஒன்பது மணிக்குப் பிறகு மூடுபனி மேலேறி ஒன்றும் தெரியாது. தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, புளித்து, காய்ந்து ஒரு கிலோ தேயிலையாகும். கொழுந்து பறிக்காத நாளுக்கு அடுத்த நாள் யந்திரம் ஓடாது. ஞாயிறு, திங்களைத் தவிருங்கள். கச்சான் காலத்து ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. உலர்ந்த காற்றில் துளிர் மெல்ல வளர்வதே காரணம். ஆடி, ஆவணியில் போகிறவர்கள் அதையே கேட்டு வாங்குங்கள். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு அது நிறைக் கணக்கு வேலை. நிறுத்தி வைத்தால் கூலியில் குறையும்.

பதுளைக்கு அரை நாள் போதும்: முத்தியங்கனை விகாரை, 64 மீற்றர் உயரத் துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. துன்ஹிந்தவுக்குக் காட்டுப் பாதையில் ஒரு கிலோமீற்றருக்கு மேல் நடக்க வேண்டும்.

நாங்களே சமைத்துச் சாப்பிடுவோம். போன முறை சோறு வேகவே இல்லை. அரிசியில் பிழையா?
– வாசகி, காத்தான்குடி

அரிசியில் பிழை இல்லை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும், 300 மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு பாகை வீதம். பண்டாரவளையில் 96 பாகை, நுவரெலியாவில் 94 பாகை. நெருப்பைக் கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, வற்ற மட்டுமே செய்யும். அரிசியை அரை மணி நேரம் ஊறவையுங்கள், வழமையை விடக் கொஞ்சம் கூடத் தண்ணீர் வையுங்கள், மூடியைத் திறக்காதீர்கள். பருப்பு, கடலை, இறைச்சிக்குப் பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள். பதுளை, பண்டாரவளை, வெலிமடை மூன்றிலும் ஹலால் கடைகளும் ஜும்ஆப் பள்ளிகளும் இருக்கின்றன.

எங்கள் விவசாயிகள் சங்கத்தில் இருந்து இருபது பேர் மலைநாட்டு மரக்கறிச் செய்கையைப் பார்க்க விரும்புகிறோம். எங்கே போவது?
– வாசகர், வெல்லாவெளி

வெலிமடை, ஊவா பரணகமை. வயற்காரர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெரும்போகத்தில் நெல் விதைத்த அதே படிக்கட்டு வயலில் சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு நடுகிறார்கள். நெல்லுக்கு நீர் கட்டிய மண்ணில் வாடல் நோய்க் கிருமியும் வேர்ப்புழுவும் குறைந்துவிடும். அடுத்துக் கிழங்கு வைத்தால் நோய் குறைவு. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுவதையும், ஓரமாக நீர் வடியும் வாய்க்காலையும், கல்லடுக்கிய வரம்பையும் நின்று பாருங்கள். கிழங்கின் பெரிய எதிரி மூடுபனி ஈரத்தில் வரும் இலை கருகல். அதற்காக அடிக்கடி மருந்து தெளிப்பார்கள். தெளித்த வயலுக்குள் இறங்கக் கூடாது.

கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையத்தில் போஞ்சி, கரட், கோவா, லீக்ஸ் மொத்த விலைக்குக் கைமாறுவதைப் பார்க்கலாம். அதிகாலையில் போனால் விவசாயிகளோடு பேசவும் முடியும். பண்டாரவளையிலும் சீதாஎலியவிலும் விவசாயத் திணைக்கள ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. உங்கள் கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியர் மூலம் ஆள் எண்ணிக்கையும் திகதியும் எழுதிக் கடிதம் அனுப்பி, அனுமதி வந்த பின் போங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூட இருப்பது அவசியம். வயல்களில் நடந்த செருப்பை அங்கேயே கழுவிவிட்டு ஏறுங்கள், மண்ணோடு நோயும் ஊர் வரும்.

இன்னொன்று: கல்லோயா, அதாவது நம் பட்டிப்பளை ஆறு, பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறந்துதான் சேனாநாயக்க சமுத்திரத்துக்கு வருகிறது. போகும் வழியில் அந்த மலைகளைக் காட்டி இளையவர்களுக்குச் சொல்லுங்கள். மேலே காடு அழிந்தால் கீழே நம் வாய்க்கால் தூர்ந்துபோகும்.

மட்டக்களப்பில் இருந்து மலைநாட்டுக்கு ரயிலில் போக வழி உண்டா?
– மாணவி, வாழைச்சேனை

நேரடியாக இல்லை. நம் பாதை பொலன்னறுவை, மாகோ வழியாகக் கொழும்புக்குப் போகிறது. பதுளை வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து எல்ல வரை ரயிலில் ஏறுங்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் நல்லதெல்லாம் வந்துவிடும். தெமோதரையில் ரயில் நிலையத்துக்கு அடியில் உள்ள சுரங்கத்தில் நுழைந்து, மலையைச் சுற்றி ஏறி, அதே நிலையத்துக்கு மேலே வந்து நிற்கும். அதற்கடுத்து 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். நேரம் இருந்தால் பட்டிப்பொல வரை போங்கள், நாட்டின் மிக உயரமான நிலையம் அது. புயலுக்குப் பின் சேவைகள் மாறியிருப்பதால் முதல் நாளே நிலையத்தில் கேளுங்கள். வாசலில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். பாறையும் சுரங்கச் சுவரும் கை நீட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஹோட்டன் சமவெளிக்கு என்ன கொண்டுபோகக் கூடாது?
– வாசகர், கல்முனை

பொலித்தீன். வாசலில் பையைத் திறந்து சோதிப்பார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர், மூன்று மணி நேரம். உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்பைக் காலை ஒன்பதுக்குள் எட்டுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியில் குளிக்க அனுமதி இல்லை.

முட்டு வருத்தம் உள்ள எழுபது வயது அம்மாவைக் கூட்டிப்போகலாமா?
– வாசகி, ஆரையம்பதி

மருத்துவரிடம் கேட்டு, இன்ஹேலரோடு பண்டாரவளைக்குப் போகலாம். நுவரெலியா நம்மூரை விட ஏறக்குறைய 12 பாகை குளிர். அங்கே பகலில் போய், சீதாஎலிய சீதை அம்மன் கோயிலைக் கும்பிட்டு, ஹக்கலைப் பூங்காவின் கீழ்ப் பகுதியோடு திரும்பிவிடுங்கள்.

மரக்கறி வாங்கி வந்தால் வீடு சேருமுன் அழுகுகிறது. ஸ்ட்ரோபெரிக் கன்றும் நட்டேன், காய்க்கவில்லை.
– வாசகி, திருக்கோவில்

ஸ்ட்ரோபெரிக்குக் குளிர்ந்த இரவு வேண்டும், திருக்கோவிலில் அது இல்லை. கன்றுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

மரக்கறியைத் திரும்பும் நாள் விடியக்காலையில் வாங்குங்கள். பளபளவென்று கழுவிய கரட்டைத் தவிர்த்து மண்ணோடு இருப்பதை எடுத்து, இலையை நறுக்கிவிடுங்கள். இலை கிழங்கின் நீரை உறிஞ்சும். கோவாவின் வெளி இலைகளை உரிக்காதீர்கள். பொலித்தீன் பையில் கட்டினால் வெல்லவாயவுக்கு இறங்கும்போதே உள்ளே வேர்க்கும், அழுகல் அங்கேதான் தொடங்குகிறது. சாக்கு அல்லது துளையுள்ள கூடை நல்லது. உருளைக்கிழங்கை வெளிச்சம் படாமல் வையுங்கள், பச்சை பாய்ந்ததை வாங்காதீர்கள். விதைக்கிழங்குக்கு மருந்து பூசியிருக்கலாம், அதைக் கறிக்கு எடுக்கக் கூடாது. வானில் புகைக்குழாய் சூடு படும் பின் தரையில் அடுக்காமல் இருக்கைக்கு மேல் வையுங்கள். நோய் பரவாமல் இருக்க, வீட்டில் கழுவும் மண்ணைக் கத்தரி, தக்காளிப் பாத்தியில் கொட்ட வேண்டாம்.