வயர் வேண்டுமா, வேண்டாமா? வாசகர் கேள்வியும் பதிலும்

யாழ். நகரில் ரேடியோவும் அம்பிளிபயரும் ஹெட்போனும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பல ஹெட்போன் பற்றியே இருந்தன. அவற்றை மட்டும் எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

இரவில் வீட்டு வேலை முடிந்தபிறகு ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்பேன். பழைய சினிமாப் பாட்டும் கர்நாடக இசையும்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வயர் இல்லாத ஹெட்போன் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். வயர் உள்ளதுதான் நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார். எதை எடுப்பது?
வாசகி, கோண்டாவில்

அக்கா, வயர் உள்ளதையே அனுப்பச் சொல்லுங்கள். ஓரிடத்தில் இருந்து கேட்பவருக்கு வயர் ஒரு தொந்தரவே அல்ல.

புளூடூத்தில் பாட்டு முழுதாகப் போகாது, சுருக்கித்தான் அனுப்பும் என்று பலர் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். சிடியில் ஒரு விநாடிக்கு 1411 கிலோபிட் இருக்கிறது. எல்லா புளூடூத் கருவிகளிலும் கட்டாயம் இருக்கிற எஸ்பிசி என்ற முறை வழக்கமாக 328 அளவில் நின்றுவிடும். சோனியின் எல்டாக் என்ற முறை 990 வரை போகும். ஆனால் நீங்கள் யூடியூப்பில் கேட்கிற பாட்டே 128, 160 என்ற அளவில்தான் வருகிறது. ஆகவே இந்தச் சுருக்கத்தால் வரும் வித்தியாசத்தை உங்கள் காது பெரிதாக உணராது. அதற்காக நான் வயரைச் சொல்லவில்லை.

எனக்குக் காசும் ஆயுளும்தான் முக்கியம். வயர் இல்லாத ஹெட்போனுக்குக் கொடுக்கும் காசில் பற்றரி, ரேடியோச் சிப், குட்டி அம்பிளிபயர், மைக் எல்லாவற்றுக்கும் பங்கு போகிறது. அதே காசுக்கு வயர் உள்ளதை வாங்கினால் அனேகமாக முழுவதும் ஒலி எழுப்பும் பாகத்துக்கும் காதில் இருக்கும் மெத்தைக்கும் போய்ச் சேரும். அடுத்தது பற்றரி. லித்தியம் பற்றரி 300 முதல் 500 தடவை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் நன்றாகத் தளர்ந்துவிடும். எங்கள் வெயிலில் இன்னும் கெதியாகத் தளரும். தினமும் பாவித்தால் இரண்டு மூன்று வருடம்தான். இயர்பட்ஸுக்குள் இருப்பது நிலக்கடலைப் பருப்பளவு பற்றரி. அதையும் பசை போட்டு மூடியிருப்பார்கள். திறந்தால் கூடு உடையும். என் மேசைக்கு அப்படி வருகிறவற்றில் சுருளும் காந்தமும் மென்படலமும் புதிது போல இருக்கும். பற்றரி மட்டும் செத்திருக்கும். பாடக்கூடிய ஒரு சாமானைக் குப்பையில் போடச் சொல்லி ஆளை அனுப்புவது எனக்கு மனம் பொறுக்காத வேலை.

தொண்ணூறுகளில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட சாமான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். சார்ஜ் ஏற்ற வேண்டிய சாமானில் ஒன்று குறைந்தாலும் இலாபம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

மகனிடம் இரண்டு விசயம் சொல்லுங்கள். வயர் ஹெட்போனிலிருந்து கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். காது மெத்தை தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும். இந்த இரண்டும்தான் முதலில் பழுதாகும். இரண்டையும் மாற்ற முடிந்தால் பத்து வருடம் தாராளமாகப் பாவிக்கலாம். பெட்டியில் ஓம் (மின்தடையின் அளவு) என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 16 முதல் 32 வரை இருந்தால் போனுக்குப் போதும். 250, 300 என்று இருப்பவை ஸ்டூடியோவுக்கானவை. போனில் செருகினால் சத்தம் காணாது.

2016இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து போன்களில் ஹெட்போன் துளை குறைந்துகொண்டே போகிறது. உங்கள் போனில் துளை இல்லையென்றால் யூஎஸ்பி சி அடாப்டர் ஒன்று வேண்டும். மலிவானவற்றில் சில வெறும் கம்பி இணைப்பு மட்டும்தான், பல போன்களில் அவை வேலை செய்யா. உள்ளே ஒலியாக மாற்றும் சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் உங்கள் போனிலேயே செருகிப் பாட வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

என் வயர் இயர்போனில் ஒரு பக்கம் கேட்பதில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் முறுக்கிப் பிடித்தால் கேட்கிறது. எறிந்துவிட்டு இயர்பட்ஸ் வாங்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
வாசகர், சாவகச்சேரி

தம்பி, எறியாதே. முதலில் போனின் துளையைப் பார். காற்சட்டைப் பையின் பஞ்சு அடியில் இறுகிப்போய், பிளக் முழுதாக உள்ளே போகாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். போனை அணைத்துவிட்டு, பல்லுக்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடு. ஊசி வேண்டாம்.

அதற்கும் சரிவராவிட்டால் பிளக்கின் கழுத்தில் வயர் அறுந்திருக்கிறது. போனில் சுற்றி வைப்பவர்களுக்கு இது நிச்சயம் வரும். கழுத்திலிருந்து இரண்டு அங்குலம் மேலே வெட்டு. தோலை உரித்தால் உள்ளே மிக மெல்லிய இழைகள் இருக்கும். அனேகமாகச் சிவப்பு வலப்பக்கம், பச்சை அல்லது நீலம் இடப்பக்கம், செம்பு நிறம் இரண்டுக்கும் பொது. நடுவில் நூலும் இருக்கும், வயர் இழுபட்டு அறாமல் இருக்கப் போடுவது.

வீட்டில் திருத்துகிற பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அந்த நிறம் வெறும் நிறம் அல்ல, மின் கடத்தாத எனாமல் பூச்சு. அதன்மேல் ஈயம் ஒட்டாது. சுடுகோலின் நுனியில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, இழையின் நுனியை அந்தத் துளிக்குள் சில விநாடி பிடி. சிறிது புகை வரும், பூச்சு எரியும், பிறகு நுனி வெள்ளி போல மினுங்கும். அப்போதுதான் ஈயம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். புதுப் பிளக்கில் நுனி இடப்பக்கம், நடு வளையம் வலப்பக்கம், அடி பொது. மைக் உள்ள இயர்போன் என்றால் பிளக்கில் நாலு பிரிவு இருக்கும். இப்போதைய போன்களுக்கு மூன்றாவது பிரிவு பொது, கடைசி அடி மைக். கம்பெனிக்குக் கம்பெனி இழையின் நிறம் மாறலாம் என்பதால் ஒட்டுவதற்கு முன் மல்ரிமீற்றரால் ஒருக்கால் சோதி.

இழை பச்சையாகக் கருத்திருந்தால் அது பூச்சின் நிறம் அல்ல, செம்பில் பிடித்த களிம்பு. உப்புக்காற்றிலும் வியர்வையிலும் இங்கே அது சீக்கிரம் வரும். சுத்தமான செம்பு தெரியும் வரைக்கும் வெட்டிக்கொண்டு போ. பிளக் வாங்கும்போது எல் வடிவில் வளைந்ததை வாங்கு, கழுத்து மடியாது.

மிருதங்கம் பழகுகிறேன். போனில் உள்ள தாள வாத்தியச் செயலியில் விரலால் தட்டிப் பயிற்சி செய்யும்போது வயர் இல்லாத இயர்பட்ஸில் சத்தம் பிந்தி வருகிறது. பாட்டுக் கேட்கும்போது அப்படி இல்லை. ஏன்?
மாணவர், இணுவில்

இசைக்குப் பேர்போன இணுவிலில் இருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோசம். புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, சேர்த்து வைத்து, விரித்துப் பாடுவதற்குப் பொதுவாக 0.15 முதல் 0.25 விநாடி வரை போகும். பாட்டுக் கேட்பவருக்கு அது தெரியாது. வீடியோ பார்க்கும்போது செயலி படத்தைச் சற்றுப் பிந்தவிட்டு ஒலியோடு சேர்த்துவிடும். உன் விரலைப் பிந்தவிட அதால் முடியாதே.

கணக்குப் பார். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. சதுச்ர நடையில் அதை நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு சொல்லுக்கும், அதாவது விரல் விழும் ஒவ்வொரு அடிக்கும், 0.125 விநாடி. இயர்பட்ஸ் 0.2 விநாடி பிந்தினால் நீ தட்டிய சொல் கேட்க முன்பே அடுத்த சொல்லைத் தட்டியிருப்பாய். அப்படிப் பழகினால் காலப்பிரமாணம் கெடும். பயிற்சிக்கு வயர் உள்ளது மட்டும்தான், இதில் மாற்றுக் கருத்தே இல்லை. சுருதிப்பெட்டி ஒலியை மட்டும் காதில் விட்டுக்கொண்டு உண்மையான மிருதங்கத்தில் வாசிப்பதானால் எதுவும் பரவாயில்லை.

மகள் உயர்தரம் படிக்கிறாள். சூம் வகுப்புக்கும் பாட்டுக்கும் நாள் முழுக்க இயர்பட்ஸ்தான். கதிர்வீச்சு மூளைக்குக் கூடாது என்கிறார்களே? வகுப்பு நேரத்தில் பாட்டுப் போட்டால் பழைய ரெலிபோன் போலக் கேட்கிறது என்றும் சொல்கிறாள்.
தாய், மானிப்பாய்

கதிர்வீச்சை நினைத்துப் பயப்பட வேண்டாம், அம்மா. இயர்பட்ஸ் போன்ற சிறு புளூடூத் கருவிகள் சில மில்லிவாட்டில்தான் ஒலிபரப்புகின்றன. போனைக் காதில் வைத்துக் கதைக்கும்போது அது 200 மில்லிவாட் வரை போகலாம். நீங்கள் பார்க்க வேண்டியது சத்தத்தின் அளவை. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் 40 மணித்தியாலம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வைத்திருக்கிறது. 3 டெசிபல் கூடினால் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். காதுக்குள் உள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் திரும்ப முளைக்காது. வயர் உள்ளதிலும் இதே கதைதான். பல போன்களில் ஹெட்போன் சத்தத்துக்கு உச்ச எல்லை வைக்கும் வசதி உண்டு. இன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

பாட்டு மங்கலாகக் கேட்பதற்குக் காரணம் மைக். இயர்பட்ஸின் மைக் வேலை செய்யத் தொடங்கியதும் புளூடூத் அழைப்பு முறைக்கு மாறி, இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைக் குறைந்த தரத்தில் அனுப்பும். சூம் அமைப்பில் மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தெரிவு செய்தால் சரியாகும். இல்லையென்றால் வகுப்புக்கு மலிவான வயர் இயர்போன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். வகுப்பு நடுவில் சார்ஜ் முடிகிற பிரச்சினையும் இருக்காது.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி அவர்களின் பழைய தவில் பதிவுகளைப் போனில் கேட்கிறேன். புதிதாக வாங்கிய வயர் இல்லாத ஹெட்போனில் தவில் குமுகுமு என்று மொத்தமாகக் கேட்கிறது. எதை வாங்கினால் சரியாகக் கேட்கும்?
வாசகர், பருத்தித்துறை

ஐயா, வாங்கமுதல் இருப்பதைச் சரிசெய்து பார்ப்போம். இப்போது வருகிற பல ஹெட்போன்களில் அடித்தொனியை (பேஸ்) வேண்டுமென்றே கூட்டி வைக்கிறார்கள். இன்றைய சினிமாப் பாட்டுக்கு அது எடுபடும், தவிலுக்குப் பொருந்தாது. தவிலின் இடப்பக்கமான தொப்பியைக் கழியால் அடிக்கும்போது வரும் தொனி கனமானது. வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழுவது கூர்மையானது. அந்த மேதையின் வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுவதைக் கேட்பதுதான் இன்பம். அடித்தொனி கூடினால் தொப்பியின் முழக்கம் நீண்டுபோய் வலந்தலையின் சொற்களை மூடிவிடும்.

ஹெட்போனோடு வரும் செயலியில் பேஸ் பூஸ்ட் போல ஏதும் இருந்தால் அணையுங்கள். ஈகுவலைசரில் இடது ஓரத்தில் உள்ள கோடுகளை இரண்டு மூன்று படி இறக்குங்கள். அனேகமாக இவ்வளவிலேயே வலந்தலை வெளியே வந்துவிடும்.

அதற்குப் பிறகும் மனம் நிறையவில்லை என்றால் பின்பக்கம் வலை போலத் திறந்திருக்கிற வயர் ஹெட்போன் ஒன்றைத் தேடுங்கள். ஒலி கூட்டுக்குள் அடைபடாது, தோல் வாத்தியங்கள் அதில் மிக இயல்பாகக் கேட்கும். வெளியிலும் கேட்கும் என்பதால் பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் சரிவராது. அந்தக் காலப் பதிவுகளில் பல ஒற்றைத் தடப் (மோனோ) பதிவுகள், இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் வரும். ஒலி தலைக்கு நடுவில் நிற்பது ஹெட்போனின் குறை அல்ல. நாடா இரைச்சலையும் அப்படியே விடுங்கள். இரைச்சலை வடிக்கப் போனால் வலந்தலையின் கூர்மையும் அதோடு போய்விடும்.

மாதம் ஒருமுறை இரவு பஸ்ஸில் கொழும்பு போய் வருகிறேன். அதற்கும் வயர்தானா?
வாசகர், நெல்லியடி

இல்லை. உங்களுக்கு வயர் இல்லாதது, அதுவும் இரைச்சலைத் தணிக்கும் வகை. வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையைக் காதுக்குள் விடுவதுதான் அதன் வேலை. பஸ் எஞ்சினின் தாழ்ந்த, ஒரே சீரான உறுமலை அது நன்றாக அடக்கும். ஹோர்னையும் பக்கத்து இருக்கைக் கதையையும் முழுதாக அடக்காது. உறுமல் அடங்கினால் பாட்டைக் குறைந்த சத்தத்தில் கேட்கலாம். காதுக்கு அதுதான் பெரிய நன்மை.

பயணம் ஏழு எட்டு மணித்தியாலம். இயர்பட்ஸ் பல அதற்குள் இறங்கிவிடும். காதை மூடும் பெரிய வகை ஒரு சார்ஜில் 20, 30 மணித்தியாலம் ஓடும். பாட்டு விட்டுவிட்டு வந்தால் போனை வேறு பையில் வைத்துப் பாருங்கள். புளூடூத்தின் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உடம்பு உறிஞ்சிவிடும். ஹெட்போனை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே வெயிலில் போட்டுவிட்டுப் போக வேண்டாம், பற்றரி வெந்துவிடும்.

வாங்கும்போது வயர் செருகும் துளையும் உள்ளதாகப் பாருங்கள். சில மாதிரிகள் வயர் செருகினாலும் பற்றரி இல்லாமல் பாடா. கடையிலேயே ஹெட்போனை அணைத்து, வயரைச் செருகி, பாடுகிறதா என்று பார்த்த பிறகு வாங்குங்கள்.