எச்.டி. பாக்ஸ் மாட்டியும் படம் மங்கலாவே இருக்குதே, ஏன்?

பொள்ளாச்சி தோப்பு வீட்டுல புது பாக்ஸ், ஆனா படம் பழையபடியேன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல டிவிக்குப் பின்னாடி பாருங்க. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரா? அதுல எச்.டி. வரவே வராதுங்க. மாட்ட வர்றவங்க பல பேர் பழைய ஒயரையே சொருகிட்டுப் போயிடறாங்க. எச்டிஎம்ஐ கேபிள் போட்டு, டிவியில சோர்ஸை எச்டிஎம்ஐக்கு மாத்தி, பாக்ஸ் செட்டிங்ஸ்ல ரெசல்யூஷனை 1080க்கு வைங்க. நீங்க கட்டற சேனல் பேக்கும் எச்.டி.யா இருக்கோணும்.

படம் கட்டம் கட்டமா உடைஞ்சா அது வேற கதை. கோளாறு டிஷ் பக்கம். தூர்தர்ஷனோட டிடி ஃப்ரீ டிஷ்னா, சிக்னல் ஜிசாட்-15ங்கற செயற்கைக்கோள்ல இருந்து வருது; அது இருக்கறது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில. நம்மூர்ல இருந்து தென்கிழக்குல, சுமார் 67 டிகிரி உசரத்துல இருக்கு. அந்த வழியில தென்னமட்டை ஆடினாலே சிக்னல் குவாலிட்டி இறங்கிடும். மட்டையை வெட்டறதைவிட டிஷ்ஷை நகத்தறதே மேல். தென்னைக்கு மாசம் ஒரு மட்டை புதுசா வருமுங்க.