ஆடிஷனுக்கு எந்த ஃப்ளூட் சோலோ?

கேள்வி: 7 ஆண்டுகளாக மேற்கத்திய ஃப்ளூட் வாசிக்கிறேன். இன்னும் 4 மாதத்தில் மாணவர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்கான ஆடிஷன். ஃப்ளூட்டுக்கு இரண்டே இடம். விருப்பமான சோலோ ஒன்றை 5 நிமிடத்துக்கு மிகாமல் வாசிக்க வேண்டும். பியானோ துணை வைத்துக்கொள்ளலாம். மொஸார்ட்டின் ஜி மேஜர் கான்சர்டோ, சமினாடின் கான்சர்டினோ, பூலாங்கின் சொனாட்டா, இந்த மூன்றில் எதை எடுப்பது? கடினமானதை எடுத்தால்தான் எடுபடுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். கடினம் என்பதற்காக மட்டும் எடுத்த உருப்படி எடுபடாது. நடுவர்கள் அன்று வரிசையாகப் பல ஃப்ளூட்களைக் கேட்பார்கள். முதல் அரை நிமிடத்தில் அவர்கள் காதில் படுவது நாதம், சுருதி, காலப்பிரமாணம். விரல் வேகம் அதற்குப் பிறகுதான். அதிலும் இது ஆர்கெஸ்ட்ராவுக்கான தேர்வு. பக்கத்து நாற்காலி ஓபோவோடும் கிளாரினெட்டோடும் இந்த ஃப்ளூட் சுருதி சேருமா, எண்ணிக்கை தவறாமல் நிற்குமா என்பதே அவர்களின் கவலை. சறுக்கிச் சறுக்கி முடிந்த பெரிய உருப்படி அந்தக் கவலையைக் கூட்டும். சுத்தமாக நின்ற நடுத்தர உருப்படி அதைத் தீர்த்துவிடும்.

நீங்கள் சொன்ன மூன்றில் கான்சர்டினோவை இந்த ஆடிஷனுக்கு விட்டுவிடலாம். 1902-இல் பாரிஸ் கன்சர்வேட்டரியின் போட்டிக்காகவே எழுதப்பட்டது, அழகானது, நடுவர்களுக்கும் பழக்கமானது. சிக்கல் நேரம்தான். முழுதாக வாசிக்க ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். அகன்ற முதல் மெட்டு, நடுவில் பரபரப்பு, கடென்ஸா (துணையின்றித் தனியே வாசிக்கும் பகுதி), மறுபடி அதே மெட்டு, கடைசியில் பிரெஸ்டோ (மிக வேகமான முடிவு) என்று ஒன்று இன்னொன்றைத் தாங்கி நிற்கும் கட்டுமானம் அது. 5 நிமிடத்துக்குள் நறுக்கினால் மெட்டு மட்டும் மிஞ்சும், அல்லது மெட்டே இல்லாத ஓட்டம் மிஞ்சும். நடுவர்களே பாதியில் நிறுத்துவார்கள் என்று நம்பி முழுதாகத் தயாரிப்பவர்களும் உண்டு. அப்படி நிறுத்தினால் உங்கள் பலமான பக்கம் கேட்கப்படாமலே போகும்.

பூலாங்க் சொனாட்டாவின் முதல் பாகம் 5 நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது பியானோ. அந்தப் பாகத்தில் ஃப்ளூட்டும் பியானோவும் பேச்சும் மறுபேச்சுமாகப் பின்னிக் கிடக்கின்றன. ஆடிஷன் அன்று முதல்முறையாகச் சந்திக்கும் பியானோ கலைஞரோடு அது நிற்காது. குறைந்தது 3 ஒத்திகை வேண்டும். இரண்டாவது, தொடக்கமே மேல் ஸ்தாயி 'ஈ'யிலிருந்து சரேலென இறங்குகிறது. ஃப்ளூட்டில் நம்பகம் குறைந்த சுரங்களில் அது ஒன்று. 'ஸ்பிளிட் ஈ' அமைப்பு (இரண்டு 'ஜி' மூடிகளையும் பிரித்து இயக்கும் பொறி) இல்லாத வாத்தியத்தில் 'ஜி' மூடிகள் இரண்டும் சேர்ந்தே திறப்பதால் காற்றுத்தம்பம் நிலைகொள்ளாமல் சுரம் பிளக்கும். முதல் சுரமே பிளந்தால் மீதி 4 நிமிடமும் அதைச் சரிக்கட்டுவதில் போய்விடும். எந்தப் பயிற்சியும் செய்யாமல் காலையில் எழுந்ததும் அந்த 'ஈ'யைப் பத்து முறை எடுத்துப் பாருங்கள். 9 முறை சுத்தமாக வந்தால் பூலாங்கைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த ஆடிஷனுக்கு எங்கள் தேர்வு மொஸார்ட். தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா ஆடிஷன்களிலேயே முதல் சுற்றில் அவருடைய ஜி மேஜர் அல்லது டி மேஜர் கான்சர்டோவைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு: ஒளிந்துகொள்ள அதில் இடமே இல்லை. ஸ்கேலும் ஆர்பெஜியோவும் அப்பட்டமாக நிற்கும். ஒரு செமிகுவேவர் (கால் பீட் நீளமுள்ள சுரம்) நசுங்கினாலும் தெரியும். ஜி மேஜரின் முதல் பாகத்தில் மேலிருந்து கீழுக்கும் கீழிருந்து மேலுக்கும் பெரிய தாவல்கள் வருகின்றன. கீழ்ச் சுரம் கரகரக்காமல் மேல்ச் சுரம் கிரீச்சிடாமல் தாவினால் உதட்டுக் கட்டுப்பாடு என்ன தரம் என்பது விளங்கிவிடும். கிராட்சட் 112 வேகத்தில் (நிமிடத்துக்கு 112 பீட்), ஆர்கெஸ்ட்ராவின் முன்னுரையை விட்டுவிட்டு ஃப்ளூட் நுழையும் இடத்திலிருந்து எக்ஸ்பொஸிஷன் (மெட்டுகளை அறிமுகப்படுத்தும் முதல் பகுதி) முடியும்வரை 2 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். விதிமுறை இரண்டு பாகங்களிலிருந்து வாசிக்க அனுமதித்தால் அடுத்த 2 நிமிடத்துக்கு மெதுவான இரண்டாம் பாகமான அடாஜியோவின் தொடக்கத்தைச் சேருங்கள். வேகமும் நிதானமும் இரண்டுமே கிடைத்துவிடும். ஒரே பாகம்தான் என்றால் முதல் பாகத்தையே நேரம் முடியும்வரை கொண்டுபோகலாம், நிறுத்தும் இடத்தை முன்பே பியானோ கலைஞரோடு பேசி வைத்துக்கொண்டு.

மொஸார்ட் உங்களோடு ஒட்டவே இல்லையென்றால் 1898-இல் வந்த ஃபோரேயின் ஃபான்டசியையும், 1906-இல் வந்த கோபேரின் நாக்டர்ன், அலெக்ரோ ஸ்கெர்ஸாண்டோவையும் பாருங்கள். இரண்டும் முதலில் பாட்டு, பிறகு ஓட்டம் என்று அமைந்தவை. இரண்டுமே 5 நிமிடத்தை ஒட்டியோ சற்றுத் தாண்டியோ போகும். வாசித்து அளந்த பிறகே முடிவு செய்யுங்கள். துணைக்கு ஆளே கிடைக்காத நிலையில் டெபுஸியின் 'சிரின்க்ஸ்' நினைவுக்கு வரும். 3 நிமிட உருப்படி, விரலுக்கு எளிது. ஆனால் அதைத் தாளமில்லாத ஆலாபனைபோல வாசிப்பவர்களே அதிகம். எழுதியிருக்கும் ட்ரிப்லெட்டையும் (இரண்டு சுரத்தின் நேரத்தில் வரும் மூன்று சுரம்) நீட்டிய சுரத்தையும் நடுவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஏ மைனர் பார்ட்டீட்டாவில் பாக் எழுதிய அலமாண்டில் வேறு தொல்லை. ஓய்வே இல்லாத செமிகுவேவர் ஓட்டம், மூச்சுக்கு இடம் நாமே உண்டாக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பீட்டின் முதல் செமிகுவேவருக்குப் பிறகு மூச்சை ஒளித்து வைப்பது வழக்கம்.

எதை எடுத்தாலும் முதல் இரண்டு வாரத்தைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். உருப்படியை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள். மிகக் கடினமான 8 பார்களைத் தேடிப் பிடியுங்கள். மெட்ரோனோமை இலக்கு வேகத்தின் 60 விழுக்காட்டில் வைத்துத் தொடங்குங்கள். 112 இலக்கென்றால் அது 67. அந்த வேகத்தில் தொடர்ந்து 5 முறை பிழையின்றி வந்தால் மட்டும் 3 அல்லது 4 புள்ளி ஏற்றுங்கள். 14-ஆம் நாள் அது 90-ஐத் தொடவில்லை என்றால் உருப்படியை மாற்றுங்கள், வருத்தப்படாமல். படபடப்பில் மூச்சு சுருங்கும், விரல் இறுகும். வீட்டில் 112-இல் தத்தளிப்பது மேடையில் 104-இல் உடையும். வீட்டில் 120-இல் வருவதுதான் மேடையில் 112-இல் நிம்மதியாக நிற்கும். செமிகுவேவர்களை ஒற்றை நாக்கில் பிரிக்கும்போது நாக்கு பின்தங்கினால் 'து-கு' என்னும் இரட்டை நாக்கை இப்போதே தொடங்குங்கள். கடைசி மாதத்தில் அதைப் புதிதாகக் கற்று மேடையேற்ற முடியாது.

மூச்சுக் குறிகளை இரண்டு விதமாகப் போடுங்கள். கட்டாயம் எடுக்க வேண்டியவை பென்சிலில் அழுத்தமாக, அவசரத்துக்கு எடுக்கலாம் என்பவை அடைப்புக்குறிக்குள். வீட்டில் ஒரே மூச்சில் தாண்டும் சொற்றொடர் அன்றைக்கு முக்கால்வாசியிலேயே தீர்ந்துபோவது மிகச் சாதாரணம். முன்கூட்டியே குறித்த இடத்தில் எடுத்த மூச்சு இசையாகக் கேட்கும், தவித்து எடுத்தது விபத்தாகக் கேட்கும்.

சுருதிக்கு உருப்படியைப் பொறுத்து அபாயம் மாறும். நடு 'சி ஷார்ப்' ஃப்ளூட்டில் பெரும்பாலும் ஏறியே நிற்கும், ஏனெனில் ஏறக்குறைய எல்லாத் துளைகளும் திறந்திருக்கின்றன. டி மேஜர் உருப்படிகளில் அது திரும்பத் திரும்ப வரும். வலக்கை நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து மூடினால் கொஞ்சம் இறங்கும், நீண்ட சுரங்களில் அதைப் பயன்படுத்தலாம். அழுத்தி ஊதினால் சுருதி ஏறும், தேய்த்து முடித்தால் இறங்கும். அடாஜியோவின் சொற்றொடர் முடிவுகளில் ஒலி குறையக் குறையக் காற்றின் திசையை மெல்ல உயர்த்த வேண்டும். ட்யூனரை வைத்து முடிவுச் சுரங்களை மட்டும் தினமும் 5 நிமிடம் பாருங்கள். குளிர்ந்த அறையும் ஒரு காரணம்: குழலுக்குள் காற்று 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் சுருதி 30 சென்ட் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு இறங்கும். காத்திருக்கும் இடத்தில் வாசிக்க விடமாட்டார்கள் என்றால் துளைகளை விரல்களால் மூடி, ஒலி எழுப்பாமல் வெப்பக் காற்றைக் குழலுக்குள் ஊதிக்கொண்டே இருங்கள்.

பியானோ கலைஞருக்கு நறுக்கிய இடங்களைக் குறித்த பிரதியை ஒரு மாதம் முன்பே கொடுங்கள். முன்னுரைக்கு 2 பார் போதும். நுழைவதற்கு முன் அவருக்கு வேகத்தைக் காட்டுவது உங்கள் மூச்சுதான், ஒத்திகையில் அதையும் பழகுங்கள். நேரத்தை 5 நிமிடத்துக்கு அல்ல, 4 நிமிடம் 30 நொடிக்குக் கணக்கிடுங்கள். கடைசி மூன்று வாரம், நாளுக்கு ஒரு முறை, வாத்தியத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து 2 நிமிடம் மட்டும் ஊதிவிட்டு முழு உருப்படியையும் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். ஃபோன் 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும். நோட்ஸைப் பார்த்துக்கொண்டே பதிவைக் கேட்டு, பிழைகளை நோட்ஸில் வட்டமிடுங்கள். ஒரே இடத்தில் மூன்று நாள் வட்டம் விழுந்தால் மறுநாள் பயிற்சியை அந்த இடத்துக்கு இரண்டு பார் முன்னாலிருந்து தொடங்குங்கள். தடுமாற்றம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகியிருக்கும்.