கேள்வி பதில்: சாத்திய கதவுக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோருக்கு

பதின்பருவப் பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் உளவியல் ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவத்திலிருந்து இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: 15 வயது மகள் 6 மாதங்களாக என்னிடம் பேசுவதில்லை. இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு அறை வாசலில் வைக்கிறேன். காலையில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தவிர எங்களுக்குள் எதுவும் இல்லை. என்ன செய்வது?

பதில்: அந்தத் தட்டை லேசாக எண்ணிவிடாதீர்கள், ஐயா. எவரும் கேட்காமலேயே நள்ளிரவில் எழுந்துவந்து அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற பெண், உங்களோடு இருக்கும் உறவை இன்னும் விட்டுவிடவில்லை என்றே நான் கொள்கிறேன். சாப்பாடு வைப்பதை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்; சண்டை நடந்த இரவில் கட்டாயம் வையுங்கள். "ஏன் பேசமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "மழை வரும்போலிருக்கிறது, குடையை வாசலில் வைத்திருக்கிறேன்" என்பதுபோலப் பதில் தேவைப்படாத ஒரு வாக்கியத்தை நாள்தோறும் சொல்லுங்கள். எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் வாய்மூடிவிடும் பிள்ளைகள், பக்கத்தில் நடக்கும்போதோ வண்டியில் போகும்போதோ தாமாகவே பேச்செடுப்பதுண்டு.

ஆனாலும் 6 மாதம் நீண்ட காலம். இந்த வயதில் மனச்சோர்வு துக்கமாக மட்டுமல்லாமல் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படும். தூக்கம், பசி, படிப்பு, நட்பு ஆகியவற்றில் அவள் தளர்ந்து 2 வாரங்களுக்கு மேலாகியிருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவள் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: எவ்வளவு கோபம் வந்தாலும் "வீட்டை விட்டுப் போ" என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: மகன் இரவு 1 மணி வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்ப முடிவதில்லை. சோம்பலா?

பதில்: பெரும்பாலும் இல்லை. தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இந்தப் பருவத்தில் தாமதமாகவே சுரக்கிறது. அவனுக்கோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை வெளிச்சம் அவன் மேல் படச் செய்யுங்கள். கைப்பேசி படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும், உங்களுடையதும்தான்.

கேள்வி: கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் திருந்துவானா?

பதில்: மாட்டான். நேரக் கட்டுப்பாட்டை அவனையும் உட்கார்த்தி வைத்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மகளின் கையில் வெட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நானே விதைத்ததாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆகாது, அம்மா. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை உண்டாக்குவதில்லை. "செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நிதானமான குரலில் இன்றே கேளுங்கள்; என்ன சொன்னாலும் பதறாமல், திட்டாமல் முழுவதும் கேளுங்கள். மாத்திரைகளையும் கூர்மையான பொருள்களையும் அவளுக்கு எட்டாதபடி எடுத்து வைத்துவிட்டு, தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். "ஆம்" என்றால் அவளைத் தனியே விடாமல் உடனே அவசர சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பேச்சுத்தானா? அடியாத மாடு படியாது. நான் அடி வாங்கித்தான் உருப்பட்டேன்.

பதில்: உங்களுக்கு முன்பே ஒரு தாய் இங்கே மறுமொழி எழுதிவிட்டார்: "நானும் அடித்தேன். அவன் படியவில்லை, பொய் சொல்லக் கற்றுக்கொண்டான்." அவர் சொல்வதே என் அனுபவமும். நீங்கள் உருப்பட்டது அடியாலா, அடித்தவர் மறுநாளும் உங்களுக்காக உழைத்ததாலா என்பதை எண்ணிப் பாருங்கள். விளைவுகளை எடைபோட்டு அவசரத்தை அடக்கும் முன்மூளைப் பகுதி 20 வயதைக் கடந்தும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது. அதுவரை அந்த நிதானத்தைப் பிள்ளை நம்மிடமிருந்து கடன் வாங்குகிறது. கையை ஓங்கும்போது கடன் கொடுக்க நம்மிடமும் அது இருப்பதில்லை.

அதே வாசகர் மீண்டும், "அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா?" என்கிறார். கண்டிப்பு வேண்டும். இரவு 9 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்றால் திரும்பத்தான் வேண்டும். தவறினால் அடுத்த வாரம் வெளியே போக முடியாது. அதை ஒருமுறை சொல்லி நிறைவேற்றுங்கள். பழைய குற்றங்களைக் கிளறாதீர்கள், "வீட்டை விட்டுப் போ" என்ற சொல்லை எடுக்காதீர்கள்.

கேள்வி: கைப்பேசிக்குப் பூட்டுப்போடும் செயலி எது நல்லது?

பதில்: கைப்பேசி பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாமா?

பதில்: எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி: நேற்று தாங்க முடியாமல் மகனிடம் கத்திவிட்டேன். இரண்டு ஆண்டுப் பொறுமையும் வீணாகிவிட்டதா?

பதில்: வீணாகவில்லை. இன்று மாலை அவன் வந்ததும், "நேற்று நான் கத்தியது தவறு" என்று மட்டும் சொல்லுங்கள். "ஆனால் நீயும்" என்று தொடராதீர்கள். அவன் பதில் பேசாமல் அறைக்குள் போனாலும் போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் வழக்கம்போலவே கூப்பிடுங்கள்.