கெட்டும் போகவில்லை, ஓடவும் இல்லை: வாசகர் கேள்விகள்

"தூக்கிப் போட மனசில்லாமலும் பயன்படுத்த முடியாமலும் வீட்டில் கிடக்கும் சாமான்களைப் பற்றிக் கேளுங்கள்" என்று போன மாதம் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தால் கும்பகோணத்துப் பரணும் கோயம்புத்தூர்ப் பரணும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

எங்கள் கல்யாண வீடியோ 1993ல் எடுத்தது, மூன்று கேசட். டெக் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. மகள் "கம்ப்யூட்டரில் ஏத்திடலாம்மா" என்கிறாள். இவரோ "அதெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கும், விடு" என்கிறார். யார் சொல்வது சரி? — வாசகி, கும்பகோணம்

ரெண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம், அதுதான் தொல்லை. கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று இருந்தால் பிழைத்தீர்கள். சுருளின் மேல் திருநீறு தூவிய மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை "சும்மா போட்டுப் பார்ப்போமே" என்று யார் வீட்டு டெக்கிலும் சொருகிவிடாதீர்கள். நான் சொருகியிருக்கிறேன். மச்சினன் கல்யாணக் கேசட். மாப்பிள்ளை அழைப்பு வரை நன்றாகத்தான் ஓடியது, முகூர்த்தம் வரும்போது திரை முழுக்க மழை, அப்புறம் ஒன்றுமே இல்லை. பூஞ்சை டெக்கில் நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து போட்ட நல்ல கேசட்டிலும் ஏறிவிட்டது. ஒரு கேசட்டைக் காப்பாற்றப் போய் இரண்டைக் கெடுத்த பெருமை எனக்கு உண்டு, வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்கள்.

பூஞ்சை பிடித்ததைச் சுத்தம் செய்தே மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். நல்ல கேசட்டாக இருந்தால் எங்காவது ஓடுகிற டெக் கிடைக்கிறதா என்று பாருங்கள். புதிது இனி வராது. உங்களிடம் இருப்பது போன்ற விஎச்எஸ் கேசட்டுக்கு டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனி ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு அவர்களும் நிறுத்திவிட்டார்கள். இன்று உலகத்தில் ஓடும் டெக் எல்லாமே கிழடுதான், ஒவ்வொரு வருடமும் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். பழைய டெக் ஒன்று கிடைத்தால், மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் (மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு) கம்ப்யூட்டரோடு இணையும் யுஎஸ்பி கேப்சர் கருவியில் சொருகி உங்கள் மகளே செய்துவிடலாம். ஆனால் மூன்று மணி நேரக் கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. பல வருடம் ஓடாத நாடாவை எடுத்தவுடனே பிளே போடாதீர்கள். முதலில் ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசி வரை ஒரு தடவை சுற்றி, திரும்பப் பின்னால் சுற்றி, பிறகு போடுங்கள். கடையில் கொடுத்தால் டிவிடியில் போட்டுத் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லி எம்பி4 ஃபைலாக பென்டிரைவில் கேளுங்கள். டிவிடி பிளேயரும் இன்னும் எத்தனை நாள்? பென்டிரைவில் ஒன்று, வேறு எங்காவது ஒன்று என்று இரண்டு பிரதி இருக்கட்டும். இதையெல்லாம் அடுத்த வருடம் என்று தள்ளிப்போடாதீர்கள், மழைக்காலம் வருகிறது.

என் பட்டன் போன் நன்றாக இருக்கிறது. அதில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வரவில்லை. போன் கெட்டுவிட்டதா? — வாசகர், திண்டிவனம்

போன் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது 2ஜி. ஜியோவில் ஆரம்பத்திலிருந்தே 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. பழைய சிம்மையே போடுங்கள், அல்லது 4ஜி பட்டன் போன் வாங்குங்கள், அதுவும் கிடைக்கிறது.

அம்மாவின் போனில் வாட்ஸ்அப் திறக்கவில்லை. "இந்த போனில் இனி இயங்காது" என்று வருகிறது. 2013ல் வாங்கிய போன், பேட்டரி இன்னும் இரண்டு நாள் நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. அம்மா அழுகிறார். பேரன் போட்டோ எல்லாம் அதில்தான். — வாசகர், ராஜபாளையம்

முதலில் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்கள், போட்டோ எங்கும் போகவில்லை. வாட்ஸ்அப் திறக்காவிட்டாலும் அதில் வந்த படங்கள் போனின் சேமிப்பில் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்ற உள்ஃபோல்டரில் அப்படியே இருக்கும். யுஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து அந்த ஃபோல்டரை முழுசாக நகல் எடுத்துவிடுங்கள். எடுத்து முடிக்கும் வரை போனை ரீசெட் செய்வது, ஆப்பை அழித்துத் திரும்பப் போடுவது, இந்த வேலை எதுவும் வேண்டாம்.

காரணம் இதுதான். 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே உள்ள போன்களில் வாட்ஸ்அப்பை நிறுத்திவிட்டார்கள். 5.0 வெளிவந்ததே 2014ல்தான். அம்மாவின் போன் அதற்கு முந்தையது, கம்பெனியும் அதற்குப் புது ஆண்ட்ராய்டு தரவில்லை.

எனக்கு இதில் கோபம் உண்டு. மிக்ஸி கெட்டால் ஜார் உடைந்தது, மோட்டார் புகைந்தது என்று கண்ணுக்குத் தெரியும், நாமும் சரி என்று ஏற்றுக்கொள்வோம். இங்கே போன் அன்று இருந்த மாதிரியே இருக்கிறது, எங்கேயோ ஒருவர் ஒரு தேதியைக் குறித்தார், அந்தத் தேதிக்கு மறுநாள் ராஜபாளையத்தில் ஒரு பாட்டி பேரன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பாதுகாப்புக்காக என்பார்கள், அதில் உண்மையும் இருக்கிறது. இருந்தாலும் அழுகிற பாட்டிக்கு அது பதில் ஆகாது.

ஒரு எச்சரிக்கை: "பழைய போனில் ஓடும் வாட்ஸ்அப்" என்று இணையத்தில் கிடைக்கிறதைக் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். அந்த போனில் வங்கி எஸ்எம்எஸ் வந்துகொண்டிருந்தால் நினைத்தே பார்க்காதீர்கள். ஒரு சாதாரணப் புது போன் வாங்கி, எழுத்தைப் பெரிதாக்கி, அம்மா அதிகம் பேசுகிற நாலு பேரை மட்டும் முதல் திரையில் வைத்துக் கொடுங்கள். பழைய போன் அலாரத்துக்கும் எஃப்எம்முக்கும் இருக்கட்டும்.

மளிகை மொத்தக் கடையில் இன்னமும் கர்ர் கர்ர் என்று கத்துகிற டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான் வைத்திருக்கிறார்கள். ஏன் மாற்றுவதில்லை? — கல்லூரி மாணவி, ஈரோடு

அவர் கார்பன் வைத்து மூன்று பில் எடுக்கிறார், அதனால்தான். அந்தப் பிரின்டர் ஊசியால் ரிப்பனைத் தட்டித் தட்டி எழுதுகிறது, தட்டுவது அடுத்த தாளிலும் இறங்கும். லேசரும் இங்க்ஜெட்டும் தாளைத் தட்டுவதில்லை. ரிப்பனும் மலிவு. கடைக்காரர் கணக்கு தெரிந்தவர், நாம்தான் சத்தத்தைப் பார்த்து ஏமாறுகிறோம்.

அப்பா தமிழாசிரியர், தன் ஊர் வரலாற்றை 2001ல் கம்ப்யூட்டரில் அடித்து ஃபிளாப்பியில் வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. ஃபிளாப்பியைப் படித்துவிட்டேன், வேர்டில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. ஃபைல் கெட்டுவிட்டதா? — வாசகர், திருவையாறு

ஃபிளாப்பியைப் படித்தாகிவிட்டதா! பெரிய மலையைத் தாண்டிவிட்டீர்கள். 1.44 எம்பி கொள்ளும் அந்தச் சதுரத் தட்டு இருபது வருடத்துக்கு மேல் ஈரத்தில் கிடந்தும் திறந்தது உங்கள் அப்பாவின் அதிர்ஷ்டம்தான்.

ஃபைல் கெடவில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து இருந்த கட்டத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வரைந்து ஃபான்ட் செய்தார்கள். பாமினி என்ற ஃபான்டில் "தமிழ்" என்று அடித்தால் ஃபைலுக்குள் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். பாமினி ஃபான்ட் இருக்கும்வரை அது "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரியும், ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டருக்குப் போனால் குப்பை. இதில் ஒவ்வொரு ஃபான்டும் தன் இஷ்டத்துக்கு வரைந்துகொண்டது வேறு. 1999ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீடுகளைத் தரமாக வைத்தார்கள், வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் திஸ்கி என்ற வேறு குறியீட்டில் எழுதினார்கள், அச்சகங்கள் காசு கொடுத்து வாங்கிய ஃபான்டை விடவே இல்லை. எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யுனிகோடுதான் தரம் என்று தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டது 2010ல். அதற்குள் அடித்துத் தள்ளிய பக்கங்கள் எத்தனை, கல்லூரி ஆய்வேடுகள் எத்தனை, இப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டு ஃபிளாப்பியில் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது: வேர்டில் அந்தக் குப்பையில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து மேலே ஃபான்ட் பெயர்க் கட்டத்தைப் பாருங்கள். ஃபான்ட் உங்களிடம் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் அங்கே நிற்கும். அதுதான் சாவி. பெயர் தெரிந்தபின் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி எழுத்தை மாற்றித் தரும் ஒரு மென்பொருளில் அதே குறியீட்டைத் தேர்ந்தெடுத்து யுனிகோடாக மாற்றுங்கள். ஃபான்டை மட்டும் லதா என்ற யுனிகோட் ஃபான்டுக்கு மாற்றிப் பார்த்துப் பயனில்லை. நீங்களே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மாற்றவும் வேண்டாம். பழைய ஃபான்டில் கொம்பை முதலில் அடித்துப் பிறகுதான் எழுத்தை அடிப்பார்கள், யுனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. கையால் மாற்றினால் "கொடி" எல்லாம் கால் இடறி விழும்.

மாற்றிய பிறகு ஒரு தடவை முழுசாகப் படியுங்கள். அப்பா நடுவில் ஆங்கிலச் சொல்லோ ஒரு துரையின் பெயரோ அடித்திருந்தால் அந்த மென்பொருள் அதையும் தமிழாக்கிப் புது மொழி ஒன்று கண்டுபிடித்திருக்கும். அந்த இடங்களில் மூலத்தைப் பார்த்துத் திருத்துங்கள். பழைய ஃபைலை அழிக்காதீர்கள். முடிந்ததும் பத்துப் பிரதி அச்சிட்டு ஊர் நூலகத்துக்கு ஒன்று கொடுங்கள், காகிதத்தைப் படிக்க எந்த ஃபான்டும் வேண்டியதில்லை.

என் பழைய கம்ப்யூட்டரில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பற்றது" என்று எச்சரிக்கை வருகிறது. சர்வீஸ்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். — வாசகர், நாகர்கோவில்

கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ இருக்கிறதா? அப்படியென்றால் மதர்போர்டில் இருக்கும் ஒரு ரூபாய் நாணய அளவு செல் தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும், 3 வோல்ட், ஒரு வேளை டிபன் காசு கூட ஆகாது. ஒவ்வொரு இணையதளமும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் இன்னும் 2009ல் உட்கார்ந்துகொண்டு அதைப் பார்த்தால் செல்லாத நோட்டு மாதிரிதான் தெரியும். செல்லை மாற்றித் தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் அது வேறு நோய். விண்டோஸே மிகப் பழசாக இருக்கும், சர்வீஸ்காரரை அப்போது நம்பலாம்.

விண்டோஸ் 10 பற்றியும் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்களிடம் அது இல்லையென்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், கடிதம் அடிக்க, படம் பார்க்க, மின்கட்டணம் கட்ட அது போதும்.

என் மேசை டிராயரில் இருபத்து மூன்று சார்ஜர் இருக்கிறது, எண்ணினேன். எதைத் தூக்கிப் போடலாம்? — இல்லத்தரசி, தாம்பரம்

சி டைப் எல்லாம் இருக்கட்டும். மைக்ரோ யுஎஸ்பியில் நல்லதாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், டார்ச்சும் புளூடூத் ஸ்பீக்கரும் இன்னும் அதைத்தான் கேட்கின்றன. ஆப்பிளின் அகலமான 30 பின் கேபிளுக்கு 2012லேயே கதை முடிந்தது, போடலாம். லேப்டாப் சார்ஜர்களை மட்டும் அவசரப்பட்டு எறியாதீர்கள், அவற்றின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு வேறு எதற்காவது பொருந்தலாம். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பின்னுக்குள் பிளஸ் எந்தப் பக்கம் என்ற படமும் ஒத்துப்போக வேண்டும். இது புரியவில்லையென்றால் சொருகாதீர்கள். எறிகிறதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

நோக்கியாவின் மெல்லிய ஊசிப் பின் சார்ஜர் ஒன்று உங்களிடம் நிச்சயம் இருக்கும். நானும் பத்து வருடமாக ஒன்றை எறிய நினைத்து எறியவில்லை. போன மாதம் எதிர்வீட்டுத் தாத்தா தயங்கித் தயங்கி வந்து, "தம்பி, அந்த ஊசி சார்ஜர் உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை.