படகில் தேக்கு: நரைத்தால் பயம் வேண்டாம்

பாய்மரப் படகுகளில் மரவேலை பார்க்கத் தொடங்கி 18 வருடம் ஆகிறது. தேக்கைப் பற்றி அவ்வப்போது வந்து சேர்ந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறேன். மேல்தளத் தேக்கு முழுக்கச் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மரம் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை தம்பி, நரைத்திருக்கிறது. வெயில் பட்டுப் பட்டு மேலே மெல்லிய படலம் ஒன்று நிறம் மாறும், அவ்வளவுதான். மறைவான மூலையில் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள், அடியில் தேன் நிறம் தெரியும். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பலை 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டினார்கள். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது இன்றும் மிதக்கிறது. உங்கள் படகுக்கு என்ன வயசு?

கேள்வி: பிரஷர் வாஷர் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே சார்?

பதில்: முடியும், தளமும் சேர்ந்து முடியும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு படகை இப்படிக் கெடுத்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் தளம் புத்தம் புதுசாக மின்னியது. காய்ந்த பிறகு கைவைத்தால் கோரைப்பாய் மாதிரி வரி வரி. தேக்கின் ரேகையில் கெட்டியான பகுதியும் மெத்தென்ற பகுதியும் மாறி மாறி வரும். மெத்தென்றதைத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. சமன் செய்ய மெஷினால் தேய்த்தேன். ஒரு மில்லிமீட்டர் தூளாகப் போனது. பல படகுகளில் தளத்துத் தேக்கே 8 முதல் 12 மில்லிமீட்டர்தான். ஸ்குரூ தலைகளை மூடியிருந்த தேக்குத் தக்கைகள் மெலிந்து, அடுத்த கோடையில் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. மெத்தென்ற பிரஷ், ரேகைக்குக் குறுக்காகத் தேய்ப்பது. இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

கேள்வி: இரும்புக் கறை கறுப்பாக நிற்கிறது. என்ன போடலாம்?

பதில்: ஆக்சாலிக் அமிலம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். மரத்தை முதலில் நனைத்து, கரைசலைப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அலுமினியத்திலும் பெயின்ட்டிலும் வழிய விடாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் இது வேண்டாம்.

கேள்வி: கடையில் தேக்கு எண்ணெய் விற்கிறார்களே, பூசலாமா?

பதில்: அது தேக்கிலிருந்து எடுத்த எண்ணெய் இல்லை அம்மா. பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயோ டங் எண்ணெயோ தின்னரோடு கலந்தது. பூசிய அன்று கண்ணைப் பறிக்கும். நம் மாதிரிப் புழுக்கமான ஊர்களில் சில வாரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். பூசியே ஆகவேண்டுமென்றால் ஒன்று: துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

கேள்வி: கைப்பிடிக் கட்டைக்கு மட்டும் வார்னிஷ் அடிக்க ஆசை. நான் அடித்தால் நாலு மாதத்தில் உரிகிறது.

பதில்: மரத்தின் எண்ணெயைத் துடைக்காமல் அடித்திருப்பீர்கள். பழையதை முழுக்கச் சுரண்டி எடுங்கள். 80, 120, 180 என்று எண் வரிசையில் உப்புத்தாளை மாற்றிக்கொண்டே போங்கள். அப்புறம் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தால் துணி மஞ்சளாகும். மஞ்சள் வருவது நிற்கும்வரை புதுத்துணி மாற்றித் துடையுங்கள். எண்ணெய் மறுபடி மேலே ஊறி வரும் முன்பே, துடைத்த கையோடு, முதல் கோட்டை அடித்துவிட வேண்டும். அதில் பாதிக்குப் பாதி தின்னர், உள்ளே இறங்குவதற்காக. இரண்டாவதில் தின்னரைக் குறையுங்கள். மூன்றாவதிலிருந்து தின்னர் கலக்காமல் அப்படியே. மொத்தம் ஆறு முதல் எட்டு கோட். இடையிடையே 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். டின்னைக் குலுக்காதீர்கள், குமிழ் வரும். பனி காய்ந்த காலைப் பொழுதில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் முடியுங்கள். வெயிலடிக்கும் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேலே இரண்டு கோட். பளபளப்பு மங்கியதுமே அடிக்க வேண்டும், வெடிக்கும்வரை காத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து சுரண்டத்தான் வேண்டும்.

கேள்வி: பலகைகளுக்கு நடுவே உள்ள கறுப்பு சீலண்ட் ஓரம் விட்டுப் போகிறது. மேலேயே பூசிவிடலாமா?

பதில்: ஒட்டாது. பழையதை முழுக்கக் கிளறி எடுத்து, பள்ளத்தின் அடியில் ஒட்டாத டேப் ஒன்று போட்டுவிட்டு நிரப்புங்கள். சீலண்ட் இரு பக்கச் சுவரில் மட்டும் பிடித்தால்தான் பலகை விரிந்து சுருங்கும்போது கிழியாது.

கேள்வி: உங்கள் சொந்தப் படகில் என்ன செய்கிறீர்கள் ஐயா?

பதில்: வாரம் ஒருமுறை ஒரு வாளி கடல்நீர். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும், பூஞ்சையும் அண்டாது. தளம் வெள்ளியாக நரைத்துக் கிடக்கிறது. உள்ளே இறங்கும் வாசலில் உள்ள ஒரு கைப்பிடிக்கு மட்டும் வார்னிஷ் உண்டு, அதுவும் வீட்டம்மா கேட்டதால்.